தெர்மலா, நைட் விஷனா: இரவில் விலங்கு பார்க்கக் கருவி வாங்குவது

கடைக்குப் போனால் முதல் கேள்வியே "எவ்வளவு தூரம் தெரியணும் சார்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பணம் தப்பான இடத்துக்குப் போய்விடும். எந்த விலங்கைப் பார்க்கப் போகிறோம், அது எப்படிப்பட்ட இடத்தில் திரிகிறது, அந்த இடத்தில் ராத்திரி எவ்வளவு சூடு இருக்கிறது, இந்த மூன்றையும் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, நமக்குப் பழக்கமான இரண்டு நிலங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, கடவூர், அய்யலூர் பக்கத்து முள்காடும் அதில் வாழும் தேவாங்கும். இன்னொன்று, வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் ஓரமும் அங்கே இருட்டியபின் வரும் காட்டுமாடு, மிளா, மரநாய் வகையறாவும்.

தெர்மல் கருவிக்கு வெளிச்சமே வேண்டாம். சூடுள்ள எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. விலங்கின் உடல் சூட்டுக்கு அந்தக் கதிர் சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சத்தில் இருக்கும். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிரை உணரும் சென்சார்தான் உள்ளே இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது. அதனால் லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள், விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜீப் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்து தெர்மலில் பார்த்தால் வெளியே நிற்கும் யானை தெரியாது, உங்கள் முகச்சூடுதான் கண்ணாடியில் மங்கலாகத் தெரியும்.

நைட் விஷன் என்பது இருக்கிற வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்வது. அதிலும் இரண்டு வகை. ராணுவப் படங்களில் பச்சை நிறத்தில் பார்க்கிறோமே, அது குழாய் வைத்த வகை. நட்சத்திர ஒளியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும். நல்ல குழாய்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு கடுமை, விலையும் கடுமை. பகல் வெளிச்சத்தில் தவறி ஓடவிட்டால் குழாய் கெடும். விலங்கு பார்க்கிற நமக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து, அதோடு அதை விட்டுவிடலாம். மற்றது டிஜிட்டல் நைட் விஷன். இருட்டுக்கு ஏற்ற கேமரா சென்சார் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்று, சின்னத் திரை ஒன்று, அவ்வளவுதான் உள்ளே. வீட்டு வாசலில் மாட்டும் சிசிடிவி ராத்திரியில் வேலை செய்யும் அதே முறை.

சுருக்கமாக, தெர்மல் கண்டுபிடித்துக் கொடுக்கும், ஆனால் ஆள் யாரென்று சொல்லாது. டிஜிட்டல் நைட் விஷன் முகத்தையும் கோடுகளையும் காட்டும், ஆனால் எங்கே பார்ப்பது என்று உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் தெர்மலை வாங்குங்கள். அடையாளம் காண்கிற வேலையை ஒரு சிவப்பு விளக்கும் சாதாரண பைனாகுலரும் பெரும்பாலும் முடித்துவிடும்.

நம் ஊர்ச் சூடு

தெர்மல் கருவி பற்றிய விளம்பரப் படங்களைக் கவனித்திருப்பீர்கள். கரிய புல்வெளி, அதில் வெண்ணெய் போல மின்னும் மான். பெரும்பாலும் குளிர்நாட்டில் எடுத்தவை. தரை 2 டிகிரி, மானின் மேல்தோல் 20 டிகிரிக்கு மேல் என்றால் எந்தக் கருவியும் ஜொலிக்கும். ஏப்ரல் மாதம் கடவூர் மலையடிவாரத்தில் ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். பகல் முழுக்கக் காய்ந்த பாறை இன்னும் கொதிக்கிறது, கரையான் புற்று வெள்ளையாக மின்னுகிறது, மண்சுவர் மின்னுகிறது. இத்தனை வெள்ளைக்கு நடுவே தேவாங்கு ஒரு புள்ளி. அங்கே வெயில் காலத்தில் நள்ளிரவு தாண்டிய பிறகுதான் படம் தெளியும். விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மிக நல்லது. ஊட்டியில் டிசம்பர் மாதம் இந்தக் கவலையே இல்லை, விளம்பரப் படம் போலவே தெரியும்.

மழை பெய்து ஓய்ந்த நேரமும் சோதனைதான். இலை, கிளை, மண் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடுவதால் பின்னணி சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். கிளை எங்கே, வானம் எங்கே என்றே பிரியாது. விலங்கு தெரியும், அது எந்த மரத்தில் என்று சொல்ல முடியாது. வால்பாறையில் மூடுபனி இறங்கினால் இன்னும் மோசம். தெர்மல் பனியைத் துளைத்துப் பார்க்கும் என்று கடைக்காரர் சொல்வார். மெல்லிய புகைக்கு அது உண்மை. அடர்ந்த பனியில் நீர்த்துளிகள் அந்தக் கதிரை விழுங்கிச் சிதறடித்துவிடும்.

அதனால் நம் ஊருக்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண், கருவி எவ்வளவு சின்னச் சூட்டு வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் என்பது. பெட்டியில் இதை மில்லிகெல்வின் கணக்கில் போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய நல்லது. 40 மில்லிகெல்வின் கருவி குளிர்நாட்டுக்குப் போதும். நமக்கு 25 அல்லது அதற்குக் கீழே வேண்டும். அந்த எண்ணை நிறுவனங்கள் அளக்கும் முறை ஒரே மாதிரி இல்லாததால் 18, 20 என்று சின்ன வேறுபாட்டுக்குச் சண்டை போட வேண்டாம். 40க்கும் 25க்கும் உள்ள வேறுபாடுதான் ஈரக்காற்றில் கண்ணுக்குத் தெரியும்.

பெட்டியில் இருக்கும் தூரம்

"1,200 மீட்டர் வரை தெரியும்" என்று எழுதியிருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது என்ன "தெரியும்" என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சின்ன வாய்ப்பாடு போதும். தூரத்தை மீட்டரில் எடுங்கள். சென்சாரின் பிக்சல் அளவால் பெருக்குங்கள் (இப்போதைய கருவிகளில் பெரும்பாலும் 12 மைக்ரோமீட்டர், பழையவற்றில் 17). லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள் (25 மில்லிமீட்டர், 35 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள்). கடைசியில் 10ஆல் வகுங்கள். அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டரை மூடுகிறது என்று கிடைத்துவிடும்.

12 மைக்ரோமீட்டர், 25 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கருவியை எடுத்துக்கொள்வோம். 1,200 மீட்டரில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 58 சென்டிமீட்டர். ஒன்றே முக்கால் மீட்டர் உயர மனிதர் அங்கே நின்றால் மூன்று பிக்சல். பெட்டி சொல்லும் "தெரியும்" இந்த மூன்று புள்ளிதான். 1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் இதற்கு ஒரு அளவுகோல் வகுத்தார், இன்றும் துறை அதை வைத்துத்தான் பேசுகிறது. ஏதோ இருக்கிறது என்று அறியக் குறுக்குவாட்டில் சுமார் 2 பிக்சல், என்ன வகை என்று அறிய 8, இன்னதுதான் என்று உறுதி செய்ய 13. ஈரக்காற்றுக்கும் இலைமறைவுக்கும் நாம் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி தேவாங்கு. உடல் நீளம் 25 சென்டிமீட்டர் என்று வையுங்கள், பெரும்பாலானவை அதற்குள்தான் இருக்கும். அதே கருவியில் 30 மீட்டரில் ஒரு பிக்சல் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். தேவாங்கு நீளவாக்கில் 17 பிக்சல். கைகால் மெலிவு, தலையின் உருண்டை எல்லாம் பிடிபடும். 60 மீட்டரில் எட்டு ஒன்பது பிக்சல்: சின்னப் பாலூட்டி, அணிலாகவும் இருக்கலாம் என்கிற நிலை. 100 மீட்டரில் ஐந்து பிக்சல், வெறும் புள்ளி. காட்டுமாடு 300 மீட்டர் தள்ளி நின்றாலும் தோள் உயரம் மட்டும் 12 பிக்சல் வரும், கொம்பும் திமிலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, 1,200 மீட்டர் கருவி தேவாங்குக்கு 50 மீட்டர் கருவி. வாங்குவதற்கு முன் நீங்கள் பார்க்கும் விலங்குக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கடைக்காரரிடம் பேச்சு சுருக்கமாக முடியும்.

பலர் இன்னொரு இடத்திலும் சறுக்குகிறார்கள். 384×288 சென்சாருக்குப் பதில் 640×512 வாங்கினால் விலங்கு இன்னும் தெளிவாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். வாய்ப்பாட்டைத் திரும்பப் பாருங்கள், அதில் சென்சாரின் மொத்தப் பிக்சல் எண்ணிக்கையே வரவில்லை. பிக்சல் அளவும் லென்ஸும் ஒன்றாக இருந்தால் தேவாங்கு இரண்டிலும் அதே 17 பிக்சல்தான். 640 கொடுப்பது அகலமான பார்வை. 25 மில்லிமீட்டர் லென்ஸில் 100 மீட்டர் தூரத்தில் 384 சென்சார் 18 மீட்டர் அகலத்தைக் காட்டும், 640 சென்சார் 30 மீட்டருக்கு மேல் காட்டும். தெளிவு வேண்டும் என்றால் லென்ஸைப் பெரிதாக்க வேண்டும். லென்ஸைப் பெரிதாக்கினால் பார்வை குறுகும். குறுகிய பார்வையை ஈடுகட்டத்தான் 640. பணம் இருப்பவருக்கு 640உம் 35 மில்லிமீட்டரும் அருமையான சேர்க்கை, மறுக்கவில்லை. ஆனால் 384இல் 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு வாங்கிவிட்டு முள்காட்டில் மரம் மரமாகத் தேடுவது பெரிய அவதி. டிஜிட்டல் ஜூம் கணக்கிலேயே சேராது. இருக்கும் பிக்சலைக் கட்டம் கட்டமாக ஊதிக் காட்டுகிறது, அவ்வளவே.

வினாடிக்கு எத்தனை படம் என்பதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். 9 ஹெர்ட்ஸ் வேண்டாம். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கடப்பதற்காக வந்த வேகம் அது, கருவியைத் திருப்பும்போது படம் தத்தித் தத்தி வரும். 25 போதும், 50 சுகம்.

உசில மரத்தில் ஒரு வெள்ளைப்புள்ளி

கருவி கையில் வந்தபின் களத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் நிலத்தைத் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டில் வந்த முதல் சரணாலயம். அதன் ஓரங்களில் தோட்டங்களும் உயிர்வேலிகளும் இருக்கின்றன, வேலியில் கள்ளியும் உசிலும் இருக்கின்றன, பட்டா நிலத்து வேலி மரத்திலும் தேவாங்கு இருக்கிறது. நில உரிமையாளர் சம்மதத்தோடு தோட்டத்து வரப்பில் நின்று பார்ப்பதே பாதுகாப்பான, சட்டச் சிக்கலில்லாத வழி.

கருவியை மெதுவாக வேலி நெடுகத் திருப்புங்கள். முதலில் தெரியும் பிரகாசமான உருவங்கள் எல்லாம் ஆடும் நாயும்தான். "அண்ணே, அது எங்க வெள்ளாடு, பட்டிக்கு வராம நிக்குது" என்று பக்கத்தில் நிற்கும் தோட்டக்காரர் சொல்லாமல் ஒரு ராத்திரியும் கழியாது. பிறகு ஒரு மரத்தின் நடுவில், இலைகளின் இடைவெளியில், பட்டாணி அளவு வெள்ளை. நகரவில்லை. தெர்மல் கதிர் இலையை ஊடுருவாது, ஒற்றை இலை மறைத்தாலும் மறைந்துவிடும். ஆகவே இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். புள்ளி நீண்டு ஒரு கோடாகும். கோட்டிலிருந்து ஒரு கை மெல்ல முன்னால் நீளும், அடுத்த கிளையைப் பற்றும், அதன்பின் உடம்பு இழுபட்டுப் போகும். அந்த நிதானம் வேறு எந்த விலங்குக்கும் கிடையாது. குயிலோ புறாவோ அடைந்திருந்தால் உருண்டையாகத் தெரியும், இறகு சூட்டை அடக்குவதால் முகம் மட்டும் பளிச்சிடும்.

இப்போது தெர்மலை இறக்கிவிட்டுச் சிவப்புத் தாள் ஒட்டிய ஹெட்லைட்டை அந்தக் கிளையின் ஓரமாகக் காட்டுங்கள், நேராக முகத்தில் வேண்டாம். இரண்டு கண்களும் நெருப்புத் துண்டு போலத் திரும்பும். பைனாகுலரில் மூக்குக் கோடு தெரியும். அரை நிமிடம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்; மீதி நேரம் தெர்மலிலேயே பாருங்கள், தேவாங்குக்கு நாம் இருப்பதே தெரியாது. டார்ச் அடித்துத் தேடுகிற பழைய முறையில் விலங்கின் கண்ணில்தான் முதலில் வெளிச்சம் படும். அதோடு அது தன் வேலையை நிறுத்திவிடும். தெர்மல் வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஃபோகஸ் வளையம் இல்லாத மலிவு மாடல்களைத் தவிர்த்துவிடுங்கள். தேவாங்கு 15 மீட்டரிலும் இருக்கும், 40 மீட்டரிலும் இருக்கும். கையால் திருப்பிக் கூர்மையாக்க முடியாத கருவியில் அருகில் உள்ளது குழம்பிப் போகும். இடையிடையே கருவிக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டுப் படம் அரை நொடி உறையும். பழுது இல்லை, சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திரையின் பிரகாசத்தைக் குறைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் பார்த்த கண் சில நிமிடம் குருடாகும். வரப்பில் அது ஆபத்து.

வரப்பு என்றதும் சொல்லியாக வேண்டியது: தெர்மலில் பாம்பு தெரியாது. பாம்பு, தவளை, பல்லி எல்லாம் சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பவை. கண்ணாடிவிரியன் காலடியில் கிடந்தாலும் மண்ணோடு மண்ணாகத்தான் இருக்கும். (ஆனால் மேற்குமலைக் குழிவிரியன் நம்மைச் சூட்டால் கண்டுகொள்ளும், அதன் முகக்குழியில் இயற்கை கொடுத்த தெர்மல் இருக்கிறது.) கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். நின்று பாருங்கள், இறக்குங்கள், காலடிக்கு டார்ச் அடித்து நடங்கள். கணுக்கால் மூடிய பூட்ஸ் இந்தச் செலவுப் பட்டியலில் முதலில் வர வேண்டிய பொருள்.

டிஜிட்டல் நைட் விஷன் யாருக்கு?

ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு. எஸ்டேட் பங்களா வராந்தாவிலிருந்து பலாமரத்துக்கு வரும் மரநாயைத் தினமும் பார்க்கிறீர்கள், அல்லது குளக்கரை மறைவிடத்தில் முள்ளம்பன்றிக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால் எங்கே பார்ப்பது என்பது தெரிந்துவிட்டது. அங்கே மயிர், முள், காதுமடல் எல்லாம் டிஜிட்டலில் வரும், தெர்மலில் வராது, விலையும் குறைவு. விளக்கின் அலைநீளம் மட்டும் கேட்டு வாங்குங்கள். 850 நானோமீட்டர் விளக்கு தூரம் போகும், ஆனால் விளக்கின் முகத்தில் மங்கிய சிவப்பு மினுக்கம் இருக்கும். சில விலங்குகள் அதைக் கவனித்துத் தலையைத் திருப்புகின்றன. 940இல் மினுக்கம் கிட்டத்தட்டக் கிடையாது, தூரம் குறையும். 30 மீட்டருக்குள் பார்ப்பவருக்கு 940. புல்லோ கிளையோ முன்னால் இருந்தால் விளக்கு அதில் பட்டுத் தெறித்துப் படம் வெளுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

யானை விஷயம் தனி. மதுக்கரை ரயில் பாதையில் 2024 முதல் கோபுரங்களில் சாதாரணக் கேமராவும் தெர்மல் கேமராவும் வைத்து யானை வரவைக் கண்காணிக்கிறார்கள், நல்ல பயனும் தருகிறது. அதைப் படித்துவிட்டு, கையில் ஒரு தெர்மல் இருந்தால் யானைக்காட்டு ஓரத்தில் ராத்திரி நடக்கலாம் என்று யாரும் துணியக் கூடாது. கோபுரத்தின் உயரம் உங்களுக்கு இல்லை. லான்டானாப் புதருக்குப் பின்னால் நிற்கும் யானையை எந்தக் கருவியும் காட்டாது.

கடையில் சோதிப்பது

ஏசி அறையில் தெர்மலைச் சோதிப்பதால் பயனில்லை. 22 டிகிரிச் சுவர் முன்னால் 34 டிகிரி மனிதத் தோல் நின்றால் மலிவுக் கருவியும் பிரமாதமாகக் காட்டும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள், தெருவுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். சூடு ஏறிய மொட்டைமாடிச் சுவர்மேல் பூனை நடந்தால் பிரிந்து தெரிகிறதா பாருங்கள். வேப்பமரத்தைப் பாருங்கள், கிளையும் கொம்பும் தனித்தனியாக வந்தால் சென்சார் நல்லது, மரம் முழுதும் ஒரே குழம்பாக வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கருவியை வேகமாகத் திருப்பிப் படம் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். லென்ஸை மூடிவிட்டுத் திரையைப் பார்த்தால் செத்த பிக்சல் இருந்தால் காட்டிக்கொடுக்கும். சூரியனை நோக்கி மட்டும் திருப்பாதீர்கள், சென்சார் கெட்டுவிடும்.

விலை நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும். 256×192 சென்சார் கருவிகள் பல ஆயிரங்களில் முடியும். 384 வகை லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் போகும். 640 வகை லட்சங்கள்தான். போனில் செருகும் தெர்மல் மின்பெட்டிச் சூடு பார்க்கிறவருக்கானது, காட்டுக்கு உதவாது. முதல் முறை வாங்குகிறவருக்கு நான் சொல்வது: 384×288, 12 மைக்ரோமீட்டர், 25 மில்லிமீட்டர் லென்ஸ், 25 மில்லிகெல்வினுக்குள், 50 ஹெர்ட்ஸ், ஒற்றைக்கண் மோனோகுலர். பேட்டரி கழற்றி மாற்றக்கூடியதா என்று பாருங்கள், 18650 வகை என்றால் எங்கும் கிடைக்கும். மழைக்கும் ஈரத்துக்கும் ஐபி67 தரம் இருக்கட்டும். மீதிப் பணத்தில் 8×42 பைனாகுலரும் சிவப்பு ஹெட்லைட்டும்.

துப்பாக்கியில் பொருத்தும் மாடல் சில சமயம் மலிவாகக் கிடைக்கும், தரமும் நன்றாக இருக்கும். வாங்காதீர்கள். காட்டோரச் செக்போஸ்ட்டில் குறிக்கோடு போட்ட கருவியோடு ராத்திரி நிற்கிறவரை வேட்டைக்காரர் என்று நினைக்காமல் என்ன நினைப்பார்கள்? ஜிஎஸ்டி பில், வெளிநாட்டுச் சரக்கு என்றால் சுங்கம் கட்டிய தாள், இரண்டின் நகலும் கருவிப் பையிலேயே இருக்கட்டும். விமானத்தில் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும்.

சரணாலயத்துக்குள் நுழைவதற்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்குள் ராத்திரி கால் வைப்பதும் குற்றம். ஆய்வுக்காக என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தேவாங்கைப் பில்லிசூனியத்துக்காகப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் கருவியில் எடுத்த வீடியோவைப் பகிரும்போது ஊர், தோட்டம், மரம் எதையும் சொல்ல வேண்டாம். கருவியோடு இணைக்கும் போன் செயலி இருப்பிடத்தையும் சேர்த்துப் பதிவு செய்தால், முதல் நாளே அதை அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள்.